அங்கே இருந்தவர்களுக்கு மட்டும்

நடந்தவை, வரிசையாக:

1. மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது.
2. மூன்று நாள் இருந்தது. இடுப்பளவு.
3. வடிந்தது.
4. வெள்ளத்தில் உழைத்தவர்களுக்கு மெடல் கொடுப்பதென்று எங்கள் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்து, நாற்பத்தொரு பெயர்கள் கொண்ட பட்டியலை மெயின் ரோட்டு ஷீல்டு கடை அக்காவிடம் கொடுத்தது.
5. அக்கா அதில் முப்பது பெயர்களை அடித்தார். அவராக மூன்று பெயர்களைச் சேர்த்தார்.
6. அடிபட்ட பெயர்களில் ஒன்று சங்கத் தலைவருடையது. அக்காவின் கடை இருந்த கட்டடம் அவருடையது.
7. இரண்டு வாரம் கழித்து அக்கா தன் கொள்ளுத் தாத்தாவின் பெயரையும் அடித்தார். அவர் இறந்து எழுபது வருடம் ஆகியிருந்தது.

எந்த எண்ணில் அக்காவைத் தடுத்திருக்கலாம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் மூன்றும் என் கையில் இல்லை. ஐந்தில் தடுத்திருக்கலாம், ஆனால் அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏழுக்குக் காரணம் நானும் என் மைக்ரோமீட்டரும்.

நான் தாம்பரத்தில் ஓர் அளவீட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். படப்பை, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அளவுக் கருவிகள் வரும். அவை காட்டும் அளவு சரியா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். ஒருநாள் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து, இடுப்பில் மற்றவர்கள் சாவிக்கொத்து செருகும் இடத்திலிருந்து ஒரு வெர்னியர் காலிப்பரை உருவி என் மேசைமேல் வைத்தார். மூக்குக் கண்ணாடியை மூவர்ண மெடல் ரிப்பனில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"இது பொய் சொல்லுதான்னு பாத்து சொல்லும்மா."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். செம்பாக்கத்தில் ஷீல்டு கடை என்றார். விளையாட்டு விழாக் கோப்பை, நினைவுப் பரிசு, மெடல் விற்கிற கடை. அப்படி ஒரு கடையிலிருந்து எங்களிடம் கருவி வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அளந்து பார்த்ததில் 0.04 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது.

"இத்தினி வருஷமா என் இடுப்புலயே இருந்துகினு!" என்று அந்தக் காலிப்பரை, ஏமாற்றிய சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சான்றிதழை லேமினேட் செய்து கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அந்தக் கடை என் வீட்டிலிருந்து மூன்று நிமிட நடை. அன்றிலிருந்து மாலையில் வீடு திரும்பும்போது அங்கே நிற்பது எனக்குப் பழக்கமாயிற்று.

அக்காவுக்குத் தெரிந்தது மெடல். வயிற்றுப்பாட்டுக்கு விற்ற தங்க நிறப் பிளாஸ்டிக் இல்லை. பழைய போர் மெடல்கள். அவற்றில் இரண்டு தினுசு உண்டு என்பார். ஒன்று வீரத்துக்கு. இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட போரில் அங்கே இருந்ததற்கு. இரண்டாவதுதான் உசத்தி.

"வீரம்ன்றது பக்கத்துல நின்னவன் சொல்றது. கூட கொறைய சொல்லுவான். இருந்தானா இல்லியான்றதுல கூட கொறைய கெடையாது."

அக்காவின் முழு வாழ்க்கையும் இந்த ஒரே கேள்வியில் ஓடியது: அங்க இருந்தியா?

பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு, கலந்துகொண்ட எல்லோருக்கும் மெடல் கேட்டு ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் வந்தார். அக்காவுக்கு அந்த வகை ஆர்டர் மிகவும் பிடிக்கும். "ஜெயிச்சவன் பத்து செகண்டு ஓடனான். இதுங்க காலைலேந்து வெயில்ல நின்னுதுங்க" என்பார். ஆனால் அன்றைய வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னார்.

"யக்கா, ஆறு பசங்க காய்ச்சல்ல வரலக்கா. அதுங்களுக்கும் சேத்து குடுத்துடலாம். அழுவும்க்கா."

"அழட்டும் சார். காய்ச்சலுக்கு வோணா தனியா ஒண்ணு அடிச்சித் தரேன். காய்ச்சல்ல இருந்துச்சு இல்ல?"

அவர் அடுத்த வருடத்திலிருந்து சிட்லபாக்கத்தில் வேறு கடைக்குப் போய்விட்டார்.

இன்னொரு முறை ஒரு தம்பதி. இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஷீல்டு வேண்டும். பேச்சுவாக்கில் கணவர் பதினொரு வருடம் துபாயில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அம்மாவுக்கு இருபத்தஞ்சு. உங்களுக்குப் பதினாலு. ரெண்டா போட்டுரலாம் சார், டிசைன் ஒரே மாதிரி."

கணவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். மனைவி ஒரு நிமிடம் தங்கி, தனக்கு மட்டும் எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இந்தக் கிறுக்குக்கெல்லாம் மூலம் கடையில் முருகன் படத்துக்குக் கீழே ஒரு குட்டிப் பித்தளைத் தட்டில் இருந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தாவின் மெடல். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்கின் பஸ்ரா பக்கம், சாமான் தூக்கும் கூலிப் படையில் போனவராம். வீட்டில் எல்லோரும் "பஸ்ரா தாத்தா" என்பார்கள். ஒரு பக்கம் ஆங்கில ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். உடம்பில் துணி இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் மெடலை எப்போதும் ராஜா மேலே தெரியும்படிதான் வைப்பார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ராஜாவுக்குக் குங்குமம் வைத்து, சுத்தி, அரம், காலிப்பரோடு படைப்பார்கள். நூறு வருடமாக.

துப்பாக்கி பிடித்தவனுக்கு அதே மெடல் வெள்ளியில். மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலத்தில். அக்கா அதைச் சொல்லும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வார். பிறகு ஒரு சமாதானமும் சொல்வார். அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் மூன்று சேர்த்தால் வரும் எடைக்குக் கொஞ்சம்தான் குறைச்சல் ஒரு வெள்ளி மெடல். பஞ்சம் வந்த வருடம் பெண்டாட்டியின் கொலுசோடு அதுவும் உருக்கப் போய்விடும். "வெண்கலத்த எவன் வாங்குவான்? அதனால பொயச்சிகினு கீது."

மெடல் அடிக்கும் விதத்தை எனக்குக் கை ஜாடையில் காட்டுவார். உலோகத்தில் வட்ட வில்லையாக வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அச்சுக்கு நடுவில் வைத்து ஓர் அடி. அடித்ததும் உலோகம் இறுகிவிடும். மறுபடி காய்ச்சு, மறுபடி அடி. "ராஜா மூஞ்சியே ஆனாலும் மூணு தபா அடி வாங்குனாதான் மூக்கு வரும்." கடைசியில் விளிம்பில், வாங்குகிறவனின் எண்ணும் பெயரும் படையும், ஒவ்வோர் எழுத்தாக, பஞ்ச் என்கிற எஃகு எழுத்தச்சை வைத்து அடிப்பார்கள்.

"ஓரம்தான்மா மெடலு. மத்ததெல்லாம் காசு மாதிரி எல்லாருக்கும் ஒண்ணு."

ஒருமுறை ஒருவர் பழைய வெள்ளி மெடல் ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். அக்கா காலிப்பரை வைத்தார். முப்பத்தாறு மில்லிமீட்டர் இருக்கவேண்டிய விட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. "பேர அராவிட்டு வேற பேர் போட்டுக்கிறாங்க சார். அராவுனா விட்டம் கொறையும். பேரு போச்சுன்னா இது வெறும் வெள்ளி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அந்தத் தகவலை மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன்.

பட்டியல் கையில் கிடைத்ததும் அக்கா கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார். ஒவ்வொருவரிடமும் கேள்வி ஒன்றுதான். எங்கள் வீட்டில் என்னிடம் கேட்டார்.

"தண்ணி வந்தப்ப எங்க இருந்த?"

"இங்கதான்கா, ரெண்டாவது மாடியில."

"கீய எறங்குனியா?"

"இல்லக்கா. மேலேருந்து யாருக்கு என்ன வேணும்னு லிஸ்ட் போட்டேன்."

"அப்ப பால்கனி. பால்கனிக்கு மெடல் கெடையாதும்மா" என்று என் பெயரை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். ஸ்கேல் வைத்து அடித்தார். பால் பாக்கெட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கீழ்வீட்டுக் குழந்தைக்காக இறங்கிப்போன என் அம்மாவின் பெயருக்கு டிக் போட்டார். பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. அதையும் அடித்தார். "கடைல ஷீல்டு நனையாம பாத்துகினு இருந்தேன். அது சொந்த வேல."

சேர்த்த மூன்று பெயர்கள்: சாக்கடை அடைப்பை எடுத்த மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவர், தெருமுனை இட்லிக் கடைக்காரர், கோவளத்திலிருந்து மினி லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர். அந்த மீனவரைத் தேடி அக்கா பஸ் பிடித்துக் கோவளம் போனபோது நானும் உடன் போனேன். அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"மெடலு இன்னாத்துக்குக்கா? உங்க தெருவுல என் தொடுப்பு ஒண்ணு தொலஞ்சி பூட்ச்சி. அத்தக் கண்டுபிடிச்சிக் குடு, போதும்."

அக்கா துடுப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான்கு நாள் தேடினார். அது இரண்டாவது தெருவில் ஒரு வீட்டுக் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பட்டியல் பதினாலாகச் சுருங்கிய செய்தி தலைவரை எட்டியது. அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாமல் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, என் பேரையே கேன்சல் பண்ணிட்டியாமே?"

"நீங்க ஊர்ல இல்லியே சார்."

"பெங்களூர்ல பொண்ணு வீட்ல இருந்தேன், ஒத்துக்கறேன். ஆனா வாட்ஸ்அப்ல மூணு நாளும் யாரு கோஆர்டினேட் பண்ணது? போனை சார்ஜ்ல போட்டுட்டே பேசினேன்மா. காது சுட்டுப்போச்சு."

"பேசனீங்க சார். எங்கேந்து பேசனீங்க?"

"பெங்களூர்லேந்து."

"அதான் சார்."

தலைவர் வேறு வழியில் வந்தார். பொறுப்பாளர்களுக்கு வெள்ளி முலாம், இறங்கி வேலை செய்தவர்களுக்கு வெண்கலம் என்று பிரித்துவிடலாமே என்றார். அக்கா உதட்டைக் கடித்தார். எல்லாருக்கும் ஒரே உலோகம் என்றார். தலைவர், கடை ஒப்பந்தம் ஜனவரியோடு முடிவதை ஞாபகப்படுத்தினார். இருபது வருடமாக அந்த எட்டடிக்குப் பத்தடிக் கடைதான் அக்காவுக்குச் சோறு போட்டது. தலைவர் அதை மிரட்டல் மாதிரியே சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, போகிற போக்கில், தட்டிலிருந்த மெடலைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க தாத்தா பஸ்ராவுல இருந்தார்னு சொல்றியே, அதுக்கு என்ன சாட்சி?"

"மெடல் கீதே சார்."

"கரெக்ட். அப்ப எனக்கும் ஒண்ணு குடுத்துடு. நூறு வருஷம் கழிச்சு என் கொள்ளுப் பேரனும் இதையே சொல்லிட்டுப் போறான்."

அக்கா தட்டிலிருந்து மெடலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஆய்வகம் திறந்ததும் வந்தார். முறைப்படி வேலைப் படிவம் நிரப்பினார். பொருள்: மெடல், ஒன்று. செய்யவேண்டிய சோதனை: "இது நெசமான்னு பாக்கணும்." அப்படி ஒரு சோதனை எங்களிடம் இல்லை. விட்டம் அளக்கலாம் என்றேன். செய்தேன். என் குறிப்பிலிருந்து:

உலோகம் வெண்கலம். குங்குமம், ராஜாவின் காதோரத்திலும் தாடிக்குள்ளும். ஸ்பிரிட்டில் துடைத்து நீக்கப்பட்டது. விட்டம் மைக்ரோமீட்டரில் எட்டு இடங்களில் அளந்ததில் சராசரி 35.62 மில்லிமீட்டர்; இருக்கவேண்டியது 36. ராஜாவின் மூக்கு தேய்ந்திருந்தது. விளிம்பில் இருந்த பெயர் தேயவில்லை.

கடைசி மூன்றையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். விளிம்பு அவ்வளவு தேய்ந்திருந்தால், முதலில் பஞ்ச் செய்த எழுத்துகள் போயிருக்க வேண்டும். அவற்றின் ஆழமே அவ்வளவு இருக்காது. அதாவது, இப்போது இருக்கும் பெயர் பிற்பாடு போட்டது.

அக்காவிடம் இரண்டு விளக்கம் சொன்னேன். ஒன்று: யாருடைய மெடலோ, பழைய சாமான் கடையில் வாங்கி, பெயரை அராவி, தாத்தா பெயரைப் போட்டது. இரண்டு: அது தாத்தாவுடையதுதான், நூறு ஆயுத பூஜையின் புளியும் செங்கல்பொடியும் பெயரைத் தேய்த்துவிட, வீட்டில் யாரோ அதே பெயரைத் திரும்பப் போட்டது.

"ராஜா மூஞ்சி கெட்டுடப் போவுதுன்னு அத்த மெதுவா தேய்ப்போம்" என்றார் அக்கா. "ஓரத்தப் புடிச்சி அயுத்தித் தேய்ப்போம்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். அவருடைய அப்பா ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் விட்டுப்போன எழுத்துப் பஞ்ச் பெட்டி. அதில் ஆங்கில 'ஆர்' எழுத்துக்கு ஒரு கால் உடைந்திருந்தது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். மெடலில் இருந்த 'ஆர்' எழுத்தும் நொண்டிதான்.

"அப்பா போட்டதுதான்" என்றார். கொஞ்ச நேரம் பெட்டியை மூடித் திறந்தார். "பயைய பேரத் திரும்பப் போட்டாரா, இல்ல புச்சா போட்டாரா?"

"அது என் கருவியில தெரியாதுக்கா."

"யாரு கருவில தெரியும்?"

அக்கா மெடலை என் பக்கம் நகர்த்தினார். நோட்டை எடுத்தார். வெள்ளப் பட்டியலின் கீழே கொள்ளுத் தாத்தாவின் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு எழுதினார். என் மேசையிலிருந்து ஸ்கேல் வாங்கி, நேராக அடித்தார்.

"அக்கா, ரெண்டாவது விளக்கமும் சரியா இருக்கலாம்க்கா. பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதிக்கெல்லாம் நான் யாருக்கும்மா குடுத்தேன்? காய்ச்சல்காரப் பசங்க மூஞ்சில எப்டி முயிப்பேன்?"

அப்போதும் அவர் அழவில்லை. மெடலை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. "சாட்சி கெடச்சா வந்து வாங்கிக்கறேன். அதுவரிக்கும் யாரு பக்கமும் சாயாத எடத்துல இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "தலைவரும் எங்கியோ ஒரு எடத்துல இருந்தாரு இல்ல?" என்றார். அதன் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை.

குடியரசு தினத்தன்று சங்க மைதானத்தில் விழா. அக்கா அடித்திருந்த மெடல்களை நான் இன்றுவரை குறை சொல்லமாட்டேன். வெண்கலம், முப்பத்தாறு மில்லிமீட்டர், எட்டு இடத்திலும். ராஜா இருக்கவேண்டிய இடத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரும் இரண்டு கண்ணாடிகளும். பழைய போர் மெடல்களில் ரிப்பனின் மேல் ஒரு சின்னப் பட்டை இருக்கும். வீரன் எந்த இடத்துப் போரில் இருந்தான் என்று அதில் எழுதியிருக்கும். அக்கா அதையும் வைத்திருந்தார். பொருளாளர் மைக்கில் பெயரையும் பட்டையையும் வாசித்தார். இன்னார், மூன்றாவது குறுக்குத் தெரு. இன்னார், ஏரிக்கரைச் சாலை. மீனவருக்கு மெடலோடு துடுப்பையும் மேடையில் கொடுத்தார்கள். அவர் துடுப்பின் தட்டைப் பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு, மெடலை அதன் கழுத்தில் மாட்டினார்.

பதினைந்தாவதாக ஒரு பெட்டி இருந்தது. பொருளாளர் அதையும் எடுத்து, அதே குரலில் வாசித்தார்.

"நமது சங்கத் தலைவர் அவர்கள். பெங்களூர்."

கைதட்டினார்கள். பழக்கத்தில் தட்டினார்கள். தலைவர் குனிந்து கழுத்தைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மார்பில் இருந்த பட்டையைப் படித்தார். கைதட்டல் அடங்கிய அமைதியில், மீனவர் பக்கத்திலிருந்தவரிடம் உண்மையான கவலையோடு கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அங்கியும் தண்ணி வந்துச்சா?"

தலைவர் புகைப்படத்துக்குச் சிரித்தார். அடுத்த வாரம் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "கையெழுத்து அவரே போட்டுக்கிறாரு. நேர்ல வந்து குடுத்துக்கிறாரு. நாயமா கீது" என்றார். கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தது நான். காலிப்பரை மட்டும் அவர் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. கடை இருந்த இடத்தில் இப்போது மோமோ விற்கிறார்கள். தலைவர் வீட்டுக் கூடத்தில் மெடல் மாட்டியிருக்கிறது. பட்டை தெரியாதபடி ரிப்பனை மடித்து ஆணி அடித்திருக்கிறார், ஆனால் கழற்றவில்லை. அம்மாவுடையது எங்கள் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்குகிறது. எனக்கு மெடல் இல்லை. அது சரியான முடிவு. அக்கா படப்பை சந்தைப் பக்கம் கடை போட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். காலி செய்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று தெரியவில்லை.

பஸ்ரா தாத்தாவின் மெடல் ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உறையில், "வாடிக்கையாளர் இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை" என்ற சீட்டோடு. ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளோடும் அதையும் எடுத்து வைத்து, ராஜாவுக்குப் பொட்டு வைக்கிறேன். புளி போடுவதில்லை. இன்று காலை மறுபடி அளந்தேன். 35.62. மாறவில்லை.